யாருக்கும் கழுத்தை நீட்டாதவள்

அணுமின் நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப் போகும் பேருந்தில் அவள் நடத்துநர். வேலை நாட்களில் நிலையத்து ஊழியர்களை வாசலில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, "பாத்து இறங்குங்க, கதவுல கை வைக்காதீங்க" என்பாள். விடுமுறை நாளில் அதே வாசலுக்கு எதிரே அட்டையைப் பிடித்துக்கொண்டு, உலையை மூடு என்று கத்துவாள்.

"இது என்னக்கா நியாயம்?" என்று ஒரு பயணி கேட்டுவிட்டார்.

"டிக்கெட் வாங்கினவங்களைக் கொண்டுபோய் சேக்கிறது என் வேலை. கேள்வி கேக்கிறது என் உரிமை. ரெண்டுக்கும் நடுவுல நீங்க ஏன் வழியை மறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க? உள்ள தள்ளிப் போங்க."

பேருந்தே சிரித்தது. கேட்டவர் வாயை மூடிக்கொண்டு உள்ளே தள்ளிப் போனார்.

ஊரில் அவளை விசிலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். விசில் கழுத்தில் தொங்கியதே தவிர, அவள் அதை ஊதி யாரும் கேட்டதில்லை. அவள் தொண்டையைத் திறந்தாலே படியில் தொங்குகிறவன் தானாக மேலே ஏறிவிடுவான். அந்தத் தொண்டைக்காகவே எதிர்ப்புக் குழுவில் அவளுக்கு முதல் வரிசை. குழுவை நடத்தியவர் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவர். எந்தக் கூட்டத்திலும் மைக் அவர் கையை விட்டு இறங்காது என்பதால் அவருக்கு மைக்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. மின்சாரம் போய் மைக் ஊமையானால் மட்டும் விசிலக்காவுக்குப் பேச்சு கிடைக்கும்.

கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அதிகம் பேசமாட்டார், பேசினால் குத்தலாக இருக்கும். தம்பிதான் சிக்கல். அவன் நிலையத்துக்குள் எலெக்ட்ரீஷியன். அக்கா அட்டையைத் தூக்கிய நாளிலிருந்து அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. "என் சோத்துல மண்ணள்ளிப் போடப் பாக்குறா" என்று ஊரெல்லாம் சொன்னான். வேலைக்குப் போக வேறு பேருந்தும் கிடையாது. தினமும் அவள் பேருந்தில்தான் ஏறுவான். காசை நீட்டுவான், ஜன்னலைப் பார்ப்பான். அவள் டிக்கெட்டைக் கிழித்து நீட்டுவாள், அடுத்த ஆளைப் பார்ப்பாள். உடன்பிறந்தவர்களுக்குள் போக்குவரத்து அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் சீருடையின் காலர் பட்டன் மாட்டவில்லை. துவைத்துத் துவைத்துச் சட்டை சுருங்கிவிட்டது என்று அவள் திட்டிக்கொண்டிருந்தாள். கணவர் பட்டனை மாட்டிவிட வந்தவர், கையை எடுக்காமல் அப்படியே நின்றார்.

"சட்டை சுருங்கலை. கழுத்துல ஏதோ இருக்கு."

பெருநகரத்து மருத்துவமனையில் ஊசி குத்தி, படம் எடுத்து, தைராய்டில் புற்றுநோய் என்றார்கள். அறுத்து எடுத்தார்கள். கண் விழித்ததும் அவள் முதலில் கேட்டது தண்ணீர் அல்ல, "நான் பேசுறது கேக்குதா?" என்பதுதான். கேட்டது, ஆனால் அவள் குரலாக இல்லை. துருப்பிடித்த கதவு திறப்பதுபோல் ஒரு கீச்சு. குரல் நரம்பு அதிர்ந்திருக்கிறது, போகப் போகக் கொஞ்சம் திரும்பலாம் என்றார் டாக்டர். அந்த டாக்டர் சுற்றி வளைக்கத் தெரியாத பெண்மணி. விசிலக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான்.

"டாக்டரம்மா, இது எங்க ஊரு நிலையத்தால வந்ததா?"

"ஒரு கழுத்தைப் பாத்து அதைச் சொல்ல முடியாதும்மா. நிலையமே இல்லாத ஊர்லயும் இந்த நோய் வருது. நான் ஆமான்னு சொன்னாலும் பொய், இல்லவே இல்லைன்னு சொன்னாலும் பொய்."

விசிலக்கா அதை மனதில் முடிந்து வைத்துக்கொண்டாள். வீடு திரும்பிய இரண்டாம் நாள் மைக்காரர் வந்தார். கூடவே கேமராவோடு ஒருவர். நலம் விசாரித்தார், உண்மையாகவே கண்கலங்கினார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, இத்தனை நாள் நாம வெறும் வாயால கத்தினோம். இப்ப ஆதாரம் கெடச்சிருக்கு. தழும்பு தெரியுற மாதிரி ஒரே ஒரு படம். ஊர் பூரா ஒட்டுறோம்."

"என்னன்னு போட்டு ஒட்டுவீங்க?"

"நிலையம் குடுத்த பரிசுன்னு."

"டாக்டர் அப்படிச் சொல்லலையே."

"டாக்டருங்க எப்படிச் சொல்லுவாங்க? நமக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது. கழுத்து என்னோடது, எனக்கே தெரியலைன்னா உங்களுக்கு எப்படித் தெரியும்?" அந்தக் கீச்சுக் குரலில் அதைச் சொல்லி முடிக்கவே அவளுக்கு மூச்சு வாங்கியது. "நிலையத்துக்காரன் பொய் சொல்றான்னுதானே நடுரோட்டுல நின்னேன். நானும் ஒரு பொய்யை எழுதி ஒட்டவா?"

மைக்காரர் முகம் சுருங்கியது. "தம்பி வேலைக்கு ஆபத்து வந்துடும்னு பயப்படுறீங்க. புரியுது."

"என்னங்க, இவருக்கு வாசல் எந்தப் பக்கம்னு காட்டுங்க" என்றாள் கணவரிடம். கணவர் காட்டினார். கேமராக்காரர் பாவம், டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

அடுத்த முறை மருத்துவமனைக்குப் போனபோது டாக்டர் மிச்ச சிகிச்சையை விளக்கினார். உடம்பில் அயோடினுக்கு ஏங்கித் தவிப்பது தைராய்டு ஒன்றுதான். கதிர்வீச்சுள்ள அயோடினை மாத்திரையாகக் கொடுத்தால், அது நேராகத் தைராய்டு செல்களைத் தேடிப் போய் உட்கார்ந்துகொள்ளும். கத்திக்குத் தப்பி எங்கேயாவது ஒளிந்திருக்கும் செல்களைக்கூட உள்ளிருந்தே எரித்துவிடும்.

"அதை எங்க செய்றாங்க?" என்று கேட்டாள்.

டாக்டர் ஒரு கணம் தயங்கினார். விசிலக்கா யார் என்பது அவருக்குத் தெரியும். "அணு உலையிலதான்."

கணவர் மெல்ல, "இத்தனை வருஷமா வாசல்லயே நின்னே. மருந்து உள்ளயிருந்து வருது" என்றார்.

"உங்க ஊரு உலை இல்லை" என்றார் டாக்டர். "அது கரண்ட் எடுக்கிற உலை. இது இதே நகரத்துல இருக்கிற ஆராய்ச்சி உலை. ரொம்பச் சின்னது. மருந்து செய்யவும் ஆராய்ச்சிக்கும்தான்."

"வேற மருந்து உண்டா?"

"இருந்தா அதைச் சொல்லியிருப்பேனே."

விசிலக்கா யோசித்தாள். அவளுக்கு வெட்கமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம்தான் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். "சரி, முழுங்குறேன். ஆனா எங்க செய்றாங்கன்னு என் கண்ணால பாத்துட்டுத்தான் முழுங்குவேன்."

பொதுமக்கள் பார்வையிட அந்த உலையில் ஒரு நாள் ஒதுக்கியிருந்தார்கள். டாக்டர் அங்கே ஒரு மேற்பார்வையாளருக்குச் சொல்லிவைத்தார். அறுவைக்குப் பிறகு தினமும் போட்டுவந்த தைராய்டு மாத்திரையை இந்தச் சிகிச்சைக்காக நிறுத்தியிருந்ததால், விசிலக்காவின் உடம்பு ஈர மூட்டைபோல் கனத்தது. உலைக் கூடத்தின் இரும்புப் படிகளில் ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறினாள். எல்லோருக்கும் வெள்ளை மேலங்கியும், சட்டைப் பையில் கதிர்வீச்சைக் காட்டும் பேனா மாதிரி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். மேற்பார்வையாளர் அவள் வயதுப் பெண். மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கோர்த்து மாட்டியிருந்தார்.

மேலே போய்க் கைப்பிடியைப் பற்றிக் கீழே எட்டிப் பார்த்தாள். ஆழமான தண்ணீர்த் தொட்டி. அடிமட்டம்வரை கண்ணாடிபோல் தெரிந்தது. அடியில் உலோகத் தகடுகள் அடுக்கிய ஒரு பெட்டி. அதைச் சுற்றி நீல வெளிச்சம், விளக்கு எதுவும் இல்லாமல், தண்ணீரே ஒளிர்கிற மாதிரி. இத்தனை வருஷம் எதிர்த்த பொருள் இத்தனை அமைதியாக இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. அழகாக இருந்ததும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

"இதுக்கு மேல நின்னா ஒண்ணும் ஆகாதா?"

"இவ்வளவு ஆழத் தண்ணி நடுவுல இருக்கில்ல, அதுதான் நமக்குச் சுவர்" என்றார் மேற்பார்வையாளர். "அந்தத் தகட்டுக்குள்ள யுரேனியம் இருக்கு. ஒரு நியூட்ரான் போய் அதோட அணுவுல மோதினா, அணு ரெண்டாப் பிளக்கும். சூடு வரும். கூடவே ரெண்டு மூணு நியூட்ரான் புதுசா வெளிய வரும். ரொம்ப வேகமா வரும். தண்ணி அதோட வேகத்தைக் குறைக்கும். குறைச்சாத்தான் அடுத்த அணுவைச் சரியாப் பிளக்கும். இப்படியே தொடரும்."

"ஒண்ணு ரெண்டாகி, ரெண்டு நாலாகின்னு போனா வெடிக்காதா?"

"அதனாலதான் பெருக விடமாட்டோம். மேலயிருந்து இறங்குது பாருங்க, அந்தக் கட்டுப்பாட்டுத் தண்டு, அது மிச்ச நியூட்ரானை முழுங்கிடும். ஒரு பிளவுலயிருந்து கணக்கா ஒரே ஒரு நியூட்ரான்தான் அடுத்த பிளவுக்குப் போகணும்."

விசிலக்கா கீழே பார்த்தபடியே சொன்னாள்: "நிறைஞ்ச பஸ்ஸு மாதிரி. ஒருத்தர் இறங்கினா ஒருத்தரை ஏத்தலாம். ரெண்டு பேரை ஏத்தினா வண்டி தாங்காது. யாரையுமே ஏத்தலைன்னா வண்டி காலியாயிடும்."

"அதேதான். தண்டை முழுசா இறக்கினா, வண்டி காலி."

உலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இறங்கிய ஒரு குழாயை அவர் காட்டினார். டெல்லூரியம் என்ற தனிமத்தை அதற்குள் இறக்கி வைப்பார்களாம். நியூட்ரான் பட்டுப் பட்டு அதில் கொஞ்சம் அயோடினாக மாறும். அதைப் பிரித்தெடுத்துத்தான் மாத்திரை. எட்டு நாளைக்கு ஒரு தடவை அதன் வீரியம் தானாகப் பாதியாகிக்கொண்டே போகும். அதனால் செய்து அடுக்கிவைக்க முடியாது, செய்யச் செய்ய ஓட்டமாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

"எங்க ஊரு உலையும் இதேதானா?"

"அடிப்படை ஒண்ணுதான். இங்க நியூட்ரான் வேணும், சூட்டை வேண்டாம்னு ஆத்திவிடுறோம். அங்க சூடுதான் வேணும். தண்ணியை ஆவியாக்கி, அந்த ஆவியால சக்கரத்தைச் சுத்தி, கரண்ட் எடுக்கிறாங்க. அடுப்புதான் வேற. மத்தபடி ஆவிதான்."

"ஆபத்துன்னா தண்டை இறக்கி நிறுத்திடலாமே. அப்புறம் என்ன பயம்?"

மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல இடத்துல வந்து நின்னீங்க. பிளவு நின்னாலும் சூடு உடனே நிக்காது. பிளந்த துண்டுங்க தாங்களே சூட்டை விட்டுக்கிட்டிருக்கும். வண்டியை நிறுத்தின பிறகும் இன்ஜின் கொதிக்குதில்ல, அந்த மாதிரி. இது சின்ன உலை, இந்தத் தொட்டித் தண்ணியே போதும். பெரிய உலையில நிறுத்தின உடனே நூத்துல ஆறேழு பங்கு சூடு மிச்சம் இருக்கும். போகப் போகத்தான் குறையும். அதுவரைக்கும் பம்பு ஓடிக்கிட்டே இருக்கணும்."

"வெளியில கரண்ட் போயிடுச்சுன்னா?"

"அதை நீங்க அங்கதான் கேக்கணும்" என்றார் அவர். பிறகு, கேட்காததையும் ஒன்று சொன்னார். "எரிஞ்சு முடிச்ச யுரேனியத்தைக் காலாகாலத்துக்கும் எங்க வைக்கிறதுன்னு எங்களுக்குள்ளயே இன்னும் சண்டை. அதையும் தெரிஞ்சுக்கோங்க."

படியிறங்கும்போது அவள் கணவரிடம் சொன்னாள்: "இவ்வளவு வருஷமா மூடு மூடுன்னு கத்தினேன். மூடின பிறகும் கொதிக்கும்னு எந்தக் கூட்டத்துலயும் யாரும் சொல்லலை பாருங்க."

மாத்திரை ஈயப் பாத்திரத்தில் வந்தது. கொண்டுவந்தவர் தள்ளி நின்று நீளமான இடுக்கியால் எடுத்துக் கொடுத்தார். "நீங்க இடுக்கியால தொடுறீங்க, நான் வெறும் வாயில போட்டுக்கணுமா?" என்று கேட்டுவிட்டு, விழுங்கினாள். கதவு சாத்தப்பட்டது. தடித்த சுவர், தனிக் கழிப்பறை, குடம் குடமாகத் தண்ணீர், எச்சில் ஊறப் புளிப்பு மிட்டாய். யாரும் பக்கத்தில் வரக்கூடாது. ஊரைக் கூட்டியே பழகியவளுக்கு அந்த மௌனம்தான் நோயைவிடப் பெரிய தண்டனையாக இருந்தது.

சாயங்காலம் கதவைத் திறந்தபோது, தாழ்வாரத்தில் போட்டிருந்த எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஓர் ஆள் நின்றான். தம்பி. கையில் ஒன்றுமில்லை, என்ன செய்வதென்று தெரியாமல் கைகளைப் பையில் விட்டிருந்தான். வாசலில் வைத்திருந்த கதிர்வீச்சு மீட்டரை எட்டிப் பார்த்தான். முள் எகிறி நின்றது. அவன் உதடு துடித்தது. அழப்போகிறான் என்று அவள் நினைத்தாள். சிரித்துவிட்டான்.

"இத்தனை வருஷம் உலைக்குள்ள வேலை பாக்குறேன். தெனமும் சோதிச்சு, சுத்தம்னு வெளிய விடுறாங்க. எதிர்த்துக் கோஷம் போட்ட நீ மீட்டரை அலற வச்சுக்கிட்டு உக்காந்திருக்க."

"சிரிடா, சிரி. கோட்டைத் தாண்டி வந்தேன்னா உனக்கும் டிக்கெட் கிழிப்பேன்."

சிரித்து முடித்ததும் அவன் செருப்பால் தரையைத் தேய்த்தான். "அக்கா, ஒரு விஷயம். நிலையத்து மக்கள் தொடர்பு அதிகாரி கேட்டு அனுப்பினார். ஒரு சின்னப் படம் எடுக்கிறாங்களாம். அணு என் உயிரைக் காப்பாத்துச்சுன்னு நீ ரெண்டு வார்த்தை சொன்னா நல்லாயிருக்கும்னு."

"நீ கேக்கிறியா, அவர் கேக்கிறாரா?"

"அவர்தான். நான் சொல்லிடுறேன்னு மட்டும் ஒத்துக்கிட்டேன்."

"அப்ப இதையும் அவர்கிட்ட சொல்லிடு. என் கழுத்தை அறுத்த கத்தி இரும்பாலையில செஞ்சது. அதுக்காக இரும்பாலைக்காரன் எங்க தண்ணியில கழிவை விட்டா கைகட்டி நிப்பேனா? மருந்துக்கு நன்றி டாக்டருக்கும் அந்த மேற்பார்வையாளரம்மாவுக்கும். உங்க அதிகாரிக்கு என்கிட்ட இருக்கிறது கேள்விதான்." கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "டேய், வெளியில கரண்ட் போனா உங்க பம்பை எது ஓட்டும்?"

"டீசல் இன்ஜின். தனியா வச்சிருக்கோம்." அவன் நிமிர்ந்தான். "மாசாமாசம் ஓட்டிப் பாப்போம். அது எங்க குழுவோட பொறுப்புதான்."

"உன் பொறுப்பா? இத்தனை வருஷம் எனக்குச் சொல்லவே இல்லையே."

"நீ எங்க கேட்ட? மூடுன்னு மட்டும்தானே சொன்ன."

அந்தப் பதில் அவளைச் சுட்டது. பதிலுக்குப் பதில் கொடுக்காமல் விசிலக்கா இருந்தது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்து, உடம்பில் கதிர்வீச்சு அடங்கும்வரை குழந்தைகளிடமிருந்து தள்ளியிருக்க வேண்டிய நாட்களும் கழிந்த பிறகு, ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நிலையம் கூட்டிய பொதுக்கூட்டம் நடந்தது. அந்த மக்கள் தொடர்பு அதிகாரி திரையில் படங்கள் காட்டினார். எல்லாம் பாதுகாப்பு, எதற்கும் கவலை வேண்டாம் என்றார். மைக்காரர் மூட வேண்டும் என்று நெடுநேரம் பேசினார். விசிலக்கா எழுந்தாள். அவள் குரல் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. கேட்க வேண்டுமென்றால் மற்றவர்கள்தான் மூச்சை அடக்க வேண்டும். கூடம் அடங்கியது.

"உலையை நிறுத்தின பிறகும் சூடு இருக்கும். பம்பு ஓடணும். கரண்ட் போனா டீசல் இன்ஜின் ஓட்டணும். சரியா?"

அதிகாரி தலையாட்டினார்.

"அந்த இன்ஜின் ஓடுறதை ஊர்க்காரங்க பக்கத்துல நின்னு பாக்கணும்."

"அது பாதுகாக்கப்பட்ட பகுதிம்மா. அனுமதிக்க வழியில்லை."

"என் கழுத்தைப் படம் எடுக்கக் குழுக்காரங்களும் ஆள் கூட்டிட்டு வந்தாங்க, நீங்களும் ஆள் அனுப்பினீங்க. அது மட்டும் பாதுகாக்கப்படாத பகுதியா?"

சிரிப்பு பின்வரிசையிலிருந்துதான் கிளம்பியது. அங்கே உட்கார்ந்திருந்தது நிலையத்து ஊழியர்களின் வீட்டுப் பெண்கள். அதிகாரி பரிசீலிக்கிறோம் என்று சொல்லி எழுந்துவிட்டார். வெளியே வந்ததும் மைக்காரர் அவளை மடக்கினார்.

"மூடணும்னு கேக்கிற இடத்துல, ஒழுங்கா ஓட்டுன்னு கேக்கிறீங்களே. குழுவை விட்டுக்குடுத்துட்டீங்க."

"நாளைக்கே மூடினாலும் அது கொதிக்கும். கொதிக்கிறது பக்கத்துல இருக்கிறவ நான். நீங்க மூடச் சொல்லுங்க, நானும் கூட நிக்கிறேன். ஆனா மூடுற வரைக்கும் பேசாம இருன்னு மட்டும் சொல்லாதீங்க."

அட்டையும் ஒலிபெருக்கியும் குழுவோடு போய்விட்டன. அதன் பிறகு விடுமுறை நாட்களில் அவள் தனியாக வாசலில் நின்றாள். பழைய அட்டைப்பெட்டியைக் கிழித்து, "கரண்ட் போனா?" என்று மட்டும் எழுதியிருந்தாள். முதலில் ஊழியர்கள் கேலி செய்தார்கள். பிறகு அவர்களே உள்ளே போய் அதிகாரிகளிடம் கேட்க ஆரம்பித்தார்கள். ஊர்க்காரர்கள் வந்து பார்த்தால் என்ன குறைந்துபோகும், நாங்கள் ஒழுங்காகத்தானே பார்க்கிறோம் என்று. மழையிலும் நின்றாள், வெயிலிலும் நின்றாள். கணவர் குடையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நான் எதிர்க்கவும் இல்லை, ஆதரிக்கவும் இல்லை. பொண்டாட்டி நனையக்கூடாதுன்னு வந்தேன்" என்று காவலாளியிடம் விளக்கம் சொன்னார்.

மழைக்காலம் முடிவதற்குள் அனுமதி வந்தது. ஊரிலிருந்து சிலர் மட்டும், கேமரா இல்லாமல், மாதச் சோதனை நடக்கும் அன்று. மைக்காரரும் வந்தார், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு முதல் ஆளாக நின்றார். இன்ஜின் கூடத்தில் மீட்டர் பலகைக்கு முன்னால் தம்பி. அக்காவைப் பார்த்தும் பார்க்காத மாதிரி நின்றான். ஆனால் சட்டையை இஸ்திரி போட்டிருந்தான். வெளி மின்சாரம் போய்விட்டதாக வைத்துக்கொண்டு இணைப்பைத் துண்டித்தார்கள். தம்பியின் இன்ஜின் கிளம்ப வேண்டும் என்று விசிலக்காவின் மனசு கிடந்து தவித்தது. லாரிகளை வரிசையாக நிறுத்தியதுபோல் நீளமாகக் கிடந்த அந்த இன்ஜின் உறுமிக்கொண்டு உயிர்பெற்றது. தரை அதிர்ந்தது. மீட்டர் முள் ஏறி, ஓர் இடத்தில் அசையாமல் நின்றது. தம்பி திரும்பி அக்காவை நேராகப் பார்த்தான்.

"திருப்தியா?" என்றார் அதிகாரி.

"இன்னைக்கு ஓடுச்சு" என்றாள் அவள். "டீசல் தீந்துட்டா? வர்ற ஒரே ரோடும் தண்ணியில முழுகிட்டா லாரி எப்படி வரும்?"

அதிகாரி பெருமூச்சு விட்டார். தம்பி முகத்தைப் பலகைப் பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறான் என்று தெரிந்தது. கேள்விக்கு அன்று பதில் கிடைக்கவில்லை. எழுதி வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த பரிசோதனையில் கழுத்து சுத்தமாக இருந்தது. ஆயுசுக்கும் காலையில் ஒரு மாத்திரை உண்டு. அதை விழுங்கிவிட்டு வேலைக்குப் போகிறாள். குரல் பாதிதான் திரும்பியது. எதிர்ப்புக் குழு கூப்பிட்டால் போகிறாள், நிலையத்தார் கூட்டத்திலும் போய் உட்காருகிறாள். இரண்டு இடத்திலும் அவள் எழுந்தால் மேடையில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போன மாத இன்ஜின் சோதனையின்போது அதிகாரி பணிவாகவே கேட்டுப் பார்த்தார்: "அடுத்த தடவை வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லி அனுப்பிடுங்கம்மா, நாங்களும் தயாரா இருப்போம்."

"நீங்க தயாரா இல்லாத நாள்தான் சார் நான் பாக்கணும்" என்றாள்.